தானாக வளர்ந்த விபூதி

வண்டி அன்று காலை ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது. சாவியை மறுபடியும் திருப்பினேன். மறுபடியும் ‘டக்’. வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த என் கணவர் வாயில் நுரையோடு கேட்டார்: “நீ என்ன பண்ணுன?”

வண்டிக்கு என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை. இதை நான் மறக்காமல் எழுதிவைக்க வேண்டும். அவர் ஓட்டும்போது டயர் பஞ்சரானால் அது ரோட்டின் குற்றம். மழையில் நின்றுபோனால் தண்ணீரின் குற்றம். நான் ஓட்ட ஆரம்பித்த பிறகோ, வண்டியின் கண்ணாடியில் காக்கை எச்சமிட்டாலும் அது என் கைவரிசை.

“சாவியத் திருப்புனேன்” என்றேன்.

“எப்படித் திருப்புன?”

சாவியைத் திருப்புவதில் எத்தனை வகை உண்டு என்று எனக்குத் தெரியவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தவர் என்னை இறங்கச் சொன்னார். தாமே உட்கார்ந்து, தூங்குகிற குழந்தையின் காதைத் தொடுவதுபோல மெதுவாகச் சாவியைத் திருப்பினார். அவருக்கும் ‘டக்’தான் கிடைத்தது. அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தெருவில் போன நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளிவிட்டு ஸ்டார்ட் செய்தோம். தள்ளிய எல்லோரும் ஒரே குரலில் “செல்ஃப் எடுக்கல” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள். அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

நான் எரியோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பல வருஷம் பஸ்ஸில் போனவள்தான். திண்டுக்கல்லில் ஏறி எரியோட்டில் இறங்கி, அங்கே ஷேர் ஆட்டோ நிரம்புகிறவரை காத்திருந்து, மிச்சத்தை நடந்து, முதல் மணி அடிக்கும்போது வியர்வையும் மூச்சிரைப்புமாக வகுப்புக்குள் நுழைவேன். நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு கோடை விடுமுறையில் கார் ஓட்டப் பழகினேன். கணவர் ஆபீசுக்கு ஸ்கூட்டரில் போகிறவர். கல்யாணம் காட்சிக்கு மட்டும் வெளியே வந்துகொண்டிருந்த இந்தப் பழைய வண்டி அதன் பிறகு என்னிடம் வந்தது.

அது வந்ததும் எனக்குக் கிடைத்தது வேறொன்று. காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம், முருங்கைத் தோட்டமும் நூல் மில்லுமாகப் போகிற அந்த ரோட்டில் நான் தனியாக இருந்தேன். வீட்டில் நான் ஒருவருக்கு மனைவி, இன்னொருவருக்குத் தம்பி பெண்டாட்டி. பள்ளிக்கூடத்தில் டீச்சர். வண்டிக்குள் நான் யாருக்கும் எதுவும் இல்லை. ராகம் தப்பிப் பாடுவேன். திட்டவேண்டியவர்களை வாய்விட்டுத் திட்டுவேன், அவர்கள் பதில் சொல்லமாட்டார்கள். அந்தச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டால் எனக்கு மூச்சு முட்டிவிடும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

‘டக்’ தொடர்ந்தது. எல்லா நாளும் அல்ல. வாரத்தில் ஏதோ சில காலைகளில் மட்டும். மெக்கானிக்கை வரவழைத்தால், அவர் பானட்டைத் திறந்து மூடியதும் வண்டி நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆகிவிடும். “நல்லாத்தான இருக்கு?” என்று அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். இப்படியாக ஒரு நாள், பக்கத்துத் தெருவில் இருக்கும் என் கணவரின் அண்ணனுக்குத் தகவல் போயிற்று.

அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ரிட்டயர் ஆனவர். எங்கள் வீட்டில் மோட்டார் ஓடாவிட்டாலும் யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் கடைசி வார்த்தை அவருடையது. என் கணவர் ஆபீசில் நாலு பேரை அதட்டுகிறவர்தான், ஆனால் அண்ணன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மாமா ஒரு எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாக வந்து இறங்கினார். கண்ணு பட்டிருக்கிறது என்பது அவருடைய முதல் முடிவு.

பானட்டைத் திறந்தார்கள். உள்ளே ஆயுத பூஜை அப்படியே இருந்தது. இன்ஜினில் ஆரம்பித்துப் பேட்டரிவரைக்கும் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, மேலே விபூதியும் போட்டவர் என் கணவர். ஆயுத பூஜை முடிந்து, தீபாவளி முடிந்து, பொங்கலும் போய்விட்டது. ஆனால் சாமிக்குப் போட்டதைக் கையால் துடைக்கக் கூடாது, அது தன்னால் உதிர வேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம்.

மாமா கற்பூரம் காட்டிக்கொண்டே வந்தவர், பேட்டரிக்கு நேரே வந்ததும் நின்றார்.

“ஏலே, இங்க வா. விபூதிய நீ எம்புட்டு வச்ச?”

“ஒரு கிள்ளுதாண்ணே.”

“இப்பப் பாரு.”

நாங்கள் குனிந்து பார்த்தோம். பேட்டரியின் ஒரு முனையில், வயர் வந்து மாட்டுகிற இடத்தில், சந்தனத்தை முட்டித் தள்ளிக்கொண்டு பொடிப்பொடியாக ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுக்கு விபூதி பூத்திருந்தது.

“தன்னால வளந்திருக்குடா!” என்றார் மாமா. அதில் ஒரு கிள்ளு எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். எனக்கும் நீட்டினார். நான் குளிக்கவில்லை என்று சொல்லித் தப்பித்தேன். பிறகு பானட்டை ‘டமால்’ என்று அடைத்தார். என் கணவர் சாவியைத் திருப்ப, வண்டி உடனே கிளம்பியது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டியதில்லை.

அந்த வாரம் முழுக்க மாமாவின் நெற்றியில் நடுவாகச் சிவந்து தடித்திருந்தது. வெயில் என்றார்.

சாமி வந்து உட்கார்ந்த பிறகும் வண்டி சில நாளில் ‘டக்’ என்றது. இந்தச் சிக்கலை மாமா உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ஒரு சாயங்காலம் வந்து விளக்கினார்: “சாமி உள்ள இருக்கப்ப வண்டி சும்மா நிக்காது. ஒரு பொம்பள தனியா அம்புட்டுத் தூரம் ஓட்டிட்டுப் போறது அதுக்குப் பிடிக்கல. அதான் தடுக்குது.”

“சாயங்காலம் பள்ளிக்கூடத்துல இருந்து கெளம்பும்போது ஒரு நாளும் தடுக்கலையே மாமா?” என்று கேட்டேன்.

“வீட்டுக்கு வாரத எதுக்கும்மா தடுக்கப்போகுது?” என்றார்.

என் கணவரைப் பார்த்தேன். அவர் தரையில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் அவர் தம் பங்குக்கு ஒரு முயற்சி செய்தார். பேட்டரியை மாற்றிவிடலாம் என்று பேகம்பூர் பக்கம் பேட்டரிக் கடை வைத்திருக்கும் பாயிடம் என்னையும் கூட்டிக்கொண்டு வண்டியை எடுத்துப் போனார். பாய் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார். புதுசெல்லாம் இப்ப வேணாம்” என்றார். விற்க மறுக்கிற வியாபாரியை என் கணவரால் நம்ப முடியவில்லை. பாய் ஒரு துணியை எடுத்துக்கொண்டு, “இந்த டெர்மினல் மேல இருக்கறத மட்டும் துடைச்சு விட்ரவா?” என்று கேட்டார்.

“அய்யய்யோ, அது சாமிக்குப் போட்டது பாய். இருக்கட்டும்.”

பாய் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “மன்னிச்சுக்கங்க. அப்ப நான் கை வைக்கல.”

இரண்டு பேரும் அவரவர் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். மறுநாள் காலை வண்டி ‘டக்’ என்றது.

அந்த வாரக் கடைசியில் முடிவாகிவிட்டது. வண்டியை விற்பது. ஆயக்குடியில் கொய்யாத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் மாமாவுக்குத் தெரிந்தவர். ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரத்தில் வந்து பார்த்து எடுத்துக்கொள்வார். இதை மாமா என்னிடம் சொல்லவில்லை. என் கணவரிடம் சொன்னார், என் கணவர் சாம்பாரில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார். “கொஞ்ச நாளைக்கு பஸ்ல போ. அப்புறம் பாத்துக்கலாம்.” அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இந்த வீட்டில் சொன்ன எதையும் யாரும் பார்த்ததில்லை. 

சனிக்கிழமை மத்தியானம் அண்ணனும் தம்பியும் சின்னாளபட்டியில் ஒரு விசேஷத்துக்குப் போனார்கள். நான் ஒருத்தியாக ஷெட்டுக்குப் போய் வண்டிக்குள் உட்கார்ந்தேன். விடைபெறத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனசு கேட்கவில்லை. ஹெட்லைட்டைப் போட்டேன். எதிர்ச் சுவரில் இரண்டு வட்டமும் பளிச்சென்று விழுந்தன. அப்படியே சாவியைத் திருப்பினேன். ‘டக்.’ சுவரில் இருந்த வெளிச்சம் சுத்தமாக அணைந்தது. சாவியை விட்டதும் திரும்ப வந்தது.

நான் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேட்டரியில் சக்தி இருக்கிறது. விளக்குக்குக் கொஞ்சம் கேட்டால் கொடுக்கிறது. இன்ஜினைச் சுழற்றிக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் மொத்தமாகக் கேட்கும்போது மட்டும் அது வந்து சேரவில்லை. அப்படியென்றால் நடுவில் எங்கோ வழி அடைத்துக்கொண்டிருக்கிறது. பானட்டை ஓங்கி அடைத்தால் அந்த அதிர்வில் வழி கொஞ்சம் திறக்கிறது, சாயங்காலம் வெயிலில் கிடந்த இன்ஜின் கேட்பதும் குறைவு. அந்த வாரம்தான் ஏழாம் வகுப்புக்கு மின்சாரப் பாடம் நடத்தியிருந்தேன். பல்பு எரியாத பெஞ்சுகளுக்கெல்லாம் போய், “வயர் முனைய நல்லாச் சொரண்டிட்டு மாட்டுங்கப்பா” என்று தொண்டை வலிக்கச் சொன்னவள் நான். அதைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

இறங்கிப்போய் பானட்டைத் திறந்தேன். இந்த முறை பக்தி இல்லாமல் பார்த்தேன். விபூதி வெள்ளையாக இருக்கும். சந்தனம் மஞ்சள், குங்குமம் சிவப்பு. இதுவோ வெள்ளைக்கு அடியில் பச்சையும் நீலமும் கலந்து கிடந்தது. எந்தக் கோயிலில் நீலமாக விபூதி கொடுக்கிறார்கள்? பேட்டரியின் ஆசிட் கசிந்து, வயரைக் கவ்விப் பிடித்திருக்கும் கிளாம்ப்பைத் தின்று பூத்த உப்பு அது. அதைத்தான் மாமா நெற்றியில் பூசிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. பிறகு இரண்டும் சேர்ந்து வந்தன.

டிக்கியில் இருந்த ஸ்பேனரை எடுத்து, மைனஸ் பக்கம் முதலில், பிளஸ் பக்கம் பிறகு என்று இரண்டு கிளாம்ப்பையும் கழற்றினேன். சமையலறையில் இருந்து சுடுதண்ணீரில் ஆப்ப சோடாவைக் கரைத்துக் கொண்டுவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் துடைத்து, உப்புத்தாளை வைத்து உள்பக்கம் பளபளக்கிறவரை சுரண்டினேன். மாட்டி முடுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். திருப்பி முடிப்பதற்குள் வண்டி கிளம்பியது. நிறுத்தினேன், மறுபடி கிளப்பினேன். ஷெட்டுக்குள் நின்று தனியாகக் கைதட்டினேன்.

கைதட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. ஓடாத வண்டியை யாராவது வேண்டாம் என்று சொல்லக்கூடும். இவ்வளவு அழகாகக் கிளம்புகிற வண்டியை ஆயக்குடிக்காரர் நாளை காலை கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார். ரிப்பேர் பார்த்து, கழுவி, நானே வண்டியைக் கண்காணாத தூரத்துக்கு அனுப்பிவைக்கப்போகிறேன். மாமாவிடம் உண்மையைச் சொல்லிப் பார்க்கலாம். சொன்னால், நெற்றியில் பூசியது சாமி இல்லை ஆசிட் உப்பு என்று ஒரு பெரிய மனுஷரிடம் தம்பி பெண்டாட்டி சொன்னதாக ஆகும். அதற்குப் பிறகு வண்டியும் இருக்காது, இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையும் இருக்காது.

ஆகவே ஸ்பேனரைத் திரும்ப எடுத்தேன். பிளஸ் கிளாம்ப்பைத் தளர்த்திச் சும்மா சாத்திவைத்தேன். சாவியைத் திருப்பினால் சத்தமே வரவில்லை. அது ஆகாது, பேட்டரி செத்துவிட்டது என்று புதுசு போட்டு விற்றுவிடுவார்கள். கொஞ்சம் முடுக்கினேன், கிளம்பிவிட்டது. மறுபடி தளர்த்தினேன். இப்படி வெகு நேரம் மல்லுக்கட்டி, பழைய ‘டக்’கை எழுத்துப் பிசகாமல் கொண்டுவந்துவிட்டேன். ரிப்பேர் பார்த்ததைவிட இதுதான் கஷ்டமான வேலை. கடைசியில் பூஜை அறையில் இருந்து சந்தனமும் விபூதியும் கொண்டுவந்து, கிளாம்ப் தெரியாதபடி தாராளமாக அப்பிவைத்தேன். கலப்படமில்லாத விபூதி.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் காபி கொண்டுவரும்போது என் கணவர் ஷெட்டுப் பக்கமிருந்து வந்தார். விரலெல்லாம் மஞ்சளாக இருந்தது. “வாரவங்க பானட்டத் திறந்து பாப்பாங்க. புதுசாச் சந்தனம் வச்சேன்” என்றார். நான் டம்ளரை நீட்டிக்கொண்டே அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காபியைக் குடித்துவிட்டுச் சர்க்கரை கூட என்றார்.

ஆயக்குடிக்காரர் ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தோடு வந்தார். தங்கமான மனிதர். வண்டியைச் சுற்றிவந்தார், டயரைத் தட்டிப் பார்த்தார், பானட்டைத் திறந்ததும் சந்தனத்தைப் பார்த்துக் கும்பிட்டார். “நல்லா பூஜை போட்டு வெச்சிருக்கீங்க” என்றார். அவரும் மாமா மாதிரி ‘டமால்’ என்று அடைத்தால் அதிர்ச்சியில் கிளாம்ப் ஒட்டிக்கொண்டு வண்டி கிளம்பிவிடும். நல்ல வேளையாக, பூப்போல மூடுகிறவர். மாமா கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்ட, அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

‘டக்.’

அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு இனிமையாக ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் இன்னொரு முறை திருப்பவில்லை. அப்படியே இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

“இது பேட்டரிக் கோளாறுதான், தள்ளிவிட்டா உடனே எடுத்துரும்” என்றார் மாமா.

“அதுக்கில்லீங்க. மொதல் சாவிக்கே தடை ஆயிப்போச்சுங்களே. சகுனம் சரியில்லாம எடுத்துட்டுப் போனா வீட்ல ஒத்துக்க மாட்டாங்க. ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க.” காபியைக் குடித்துவிட்டு, கொய்யாப்பழத்தை வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

மாமா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “ஏலே, இப்பத்தான் வெளங்குது. அது இந்த வீட்ட விட்டுப் போகமாட்டேங்குது. விக்காதன்னு தடுக்குது.”

போன வாரம் நான் ஓட்டக் கூடாது என்று தடுத்ததும் இதே சாமிதான், இதே ‘டக்’தான். நான் கொய்யாப்பழத்தைக் கழுவ உள்ளே போனேன்.

“அப்ப வண்டி சும்மா நிக்கட்டும்” என்று மாமா சொன்னது அடுப்படிவரை கேட்டது. குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தேன்.

“நிக்க வச்சா வீணாப் போயிரும்ணே” என்றது என் கணவரின் குரல். “அவளே ஓட்டட்டும்.”

மாமா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதது இந்த வீட்டில் சம்மதம்.

அவர் போன பிறகு, கிளாம்ப்பை முடுக்கலாம் என்று சாயங்காலமாக ஷெட்டுக்குப் போனேன். டிரைவர் சீட்டில் ஸ்பேனர் கிடந்தது. நான் அதை டிக்கியில் அல்லவா வைத்தேன்? பானட்டைத் திறந்து கிளாம்ப்பை ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. நன்றாக முடுக்கியிருந்தது. சந்தனமும் விபூதியும் துடைத்து எடுக்கப்பட்டு, இரண்டு முனையும் சுத்தமாக இருந்தன.

கூடத்தில் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தவர் முன்னால் ஸ்பேனரோடு போய் நின்றேன்.

“எப்பத் தெரியும்?”

“காலையில சந்தனம் வைக்கும்போது ஆடுச்சு. துடைச்சுப் பாத்தேன், உள்ள பளபளன்னு இருந்துச்சு. மறுபடி பூசி வச்சுட்டேன்.”

“துடைச்சீங்களா? சாமிக்குப் போட்டதையா?”

“அது நீ போட்டதுதான.”

“தெரிஞ்சுக்கிட்டே வாயத் திறக்காம நின்னீங்களா?”

“சொன்னா அண்ணன் சங்கடப்படுவாருல்ல” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் நான் பட்ட சங்கடம் கணக்கிலேயே வரவில்லை. அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல், ஒரு கார் ரிப்பேராகவே நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். ஆனால் என் திருட்டைக் கண்டுபிடித்து, அதன் மேலேயே சந்தனத்தைப் பூசி மூடிவைத்துவிட்டு, சர்க்கரை கூட என்று காபி குடித்தவரும் அவர்தான். எதற்காகக் கோபப்படுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்துத் திட்டினேன். அவர் எனக்கு ஒரு கொய்யாவை நறுக்கி உப்புப் போட்டு வைத்தார்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வண்டியில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினேன்.

“சாவிய எப்படித் திருப்பணும்?” என்று கேட்டேன்.

வாயில் இருந்த நுரையைத் துப்பினார்.

“நீ எப்பவும் திருப்புற மாதிரியே திருப்பு” என்றார்.

திருப்பினேன். வண்டி கிளம்பியது.